தேசிய கீதத்தை மாற்றிவிட மாட்டார்களா என்று நான் ஏங்கிய மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு சரி. அதிலும் அரை நாள் படிப்பு. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன், நடுவில் மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு வேண்டும் என்று பெரிய டீச்சர் கேட்டதால் எழுதுகிறேன். மேடையில் வந்து சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். தாளில் என்றால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அரை நாள் படிப்பு என்றேன் இல்லையா, அதிலிருந்துதான் எல்லாமே. நான் படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் தேசிய கீதத்தைச் சாயங்காலம்தான் பாடுவார்கள். பாடி முடித்ததும் மணி அடிக்கும், பிள்ளைகள் ஓடும். நான் அதற்கு ஒரு நாளும் இருந்ததில்லை. மதியச் சாப்பாடு சாப்பிட்டு, தட்டைக் கழுவி, அந்தத் தட்டோடு உப்பளத்துக்குப் போய்விடுவேன். அம்மா உப்பு சுமக்கும்போது கைப்பிள்ளையாக இருந்த தம்பியை நான் வரப்பில் உட்கார்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். வாத்தியாருக்கு இது தெரியும். சாப்பிட்டுவிட்டு நான் பையை எடுக்க வகுப்புக்குள் வரும் நேரத்துக்கு அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அதனால் எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. இது யாருக்கும் தெரியாது. பெரியவளாகி, கல்யாணமாகி, பிள்ளை பெற்றவளை நிறுத்தி வைத்து தேசிய கீதம் பாடு என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஏதாவது கூட்டத்துக்குப் போனால் கடைசியில் எல்லாரோடும் எழுந்து நின்று வாயை அசைப்பேன். எழுபது வயது தாண்டும் வரை அப்படியே ஓட்டிவிட்டேன்.

ஆனால் வேறு ஒரு விதத்தில் அந்தப் பாட்டு எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் உப்பளத்துக்கும் நடுவில் ஒரு ரோடுதான். சுதந்திர தினத்திலும் பாத்தியில் உப்பு விளைந்து கிடந்தால் வாரத்தான் வேண்டும். ஸ்பீக்கரில் தேசிய கீதம் கேட்டதும் நாங்கள் வரப்பில் இருந்த இடத்திலேயே நின்றுவிடுவோம். தலையில் ஈர உப்புக் கூடை இருக்கும். இறக்கி வைத்தால் மறுபடியும் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். அதனால் இறக்க மாட்டோம். ஒரு கை கூடையைப் பிடித்திருக்கும், இன்னொரு கை விறைப்பாக இடுப்போரம் இருக்கும். பாட்டு தொடங்கும்போது கழுத்துக்கு ஒன்றும் தெரியாது. நடுவில் குரல் ஏறும் இடத்தில் பிடரியில் வலி பிடிக்கும். கடைசியில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்போது, முடிந்தது என்று கால் தானாக முன்னே நகரும். வார்த்தை ஒன்றுகூடத் தெரியாமல் அந்தப் பாட்டின் நீளம் மட்டும் எனக்குத் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் போன ஆடி மாதம் பெரிய டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஆயா, பழைய ரிஜிஸ்டர எடுத்துப் பாத்தோம். நம்ம ஸ்கூல்ல படிச்சவங்கள்ல இப்ப ஊர்ல இருக்கறவங்கள்ல நீங்கதான் மூத்தவங்க. இந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு நீங்கதான் கொடி ஏத்தணும்."

"நான் எதுக்கு டீச்சர்? பிரசிடெண்ட கூப்பிடுங்க."

"அவரே சொல்லிட்டாரு உங்களதான் கூப்பிடணும்னு. கொடி ஏத்திட்டு, பாட்ட நீங்க எடுத்துக் குடுங்க, பசங்க கூட பாடுவாங்க. போன வருஷம் ஸ்பீக்கர்ல போட்டோம், பாதியில நின்னு போச்சு. ரொம்ப அசிங்கமா போயிடுச்சு."

எனக்குப் பாட்டே தெரியாது என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மருமகள் டீ கொண்டுவந்தாள். "அத்தை பாடுவாங்க டீச்சர். கூச்சப்படுவாங்க, அவ்ளோதான்" என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். டீச்சரும் டீயைக் குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போய்விட்டார்கள்.

அந்த வாரம்தான் டிவியில் ஒரு செய்தி வந்தது. ஏதோ ஒரு நாட்டில் தேசிய கீதத்தை மாற்றலாமா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதமாம். பாட்டு பழசாகிவிட்டது, இன்றைய ஜனங்களுக்கு ஒத்துவரவில்லை என்று ஒரு கட்சி. எங்கள் அப்பாவும் தாத்தாவும் பாடிய பாட்டில் கை வைக்காதே என்று இன்னொரு கட்சி. எந்த நாடு என்று கவனிக்கவில்லை. நான் அடுப்பங்கரையில் இருந்தேன்.

மறுநாள் உப்பு வாரி முடித்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் மேஸ்திரி அந்தச் செய்தியை எடுத்தார். அவர் எடுத்ததும் அது எங்கள் நாட்டுப் பேச்சாகிவிட்டது.

"ஏம்பா, நம்ம நாட்டுலயும் மாத்துனா என்னவாம்? பாதிப் பேருக்கு அர்த்தமே தெரியல, சும்மா விறைப்பா நிக்கறோம்."

"மாத்தி?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர். "எந்த பாஷையில வெப்ப? தமிழ்ல வெச்சா வடக்க இருக்கறவன் பாடுவானா?"

குப்பத்திலிருந்து ஐஸ் வாங்க வந்திருந்த படகுக்காரர் ஒருவர், "பாஷ எதுவா வேணா இருக்கட்டும். புதுசா எழுதுனா அதுல மீன் வரணும்" என்றார்.

என்னோடு உப்பு சுமக்கும் கூட்டாளி ஒருத்தி இருக்கிறாள். என்னைவிடச் சின்னவள், வாய் பெரிசு. அவள் விடவில்லை. "மீனுக்கு முன்னாடி உப்பு வரணும். உப்பு இல்லாம உன் மீனு கருவாடா ஆவுமா? நாறித்தான் போவும்."

நிலக்கடலை போட்டிருக்கிற ஒரு விவசாயி, "எல்லாத்தையும் சொன்னீங்க, மல்லாட்டைய உட்டுட்டீங்களே" என்றார்.

கடைக்காரர் டம்ளரை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமிங்களா, ஆளாளுக்கு ஒண்ண சொருவுனா பாட்டு முடிய மத்தியானம் ஆயிடும். பசங்க வெயில்ல சுருண்டு உழுந்துடும். பழசே இருந்துட்டுப் போவட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மாற்றட்டும், மீனைப் போட்டாவது மல்லாட்டையைப் போட்டாவது சீக்கிரம் மாற்றட்டும் என்று எனக்குள் ஒரே தவிப்பு. புதுப் பாட்டு வந்துவிட்டால் அது யாருக்குமே தெரியாது. டீச்சருக்கும் தெரியாது, பிரசிடெண்டுக்கும் தெரியாது. அன்றைக்கு எல்லாரும் முதல் நாள் பள்ளிக்கூடம் போகிறவர்களாக இருப்போம். நான் மட்டும் மதியத்தோடு எழுந்து போனவளாக இருக்க மாட்டேன்.

"எப்ப மாத்துவாங்களாம்?" என்று கேட்டுவிட்டேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் டீக்கடையில் பேசுகிறவள் இல்லை.

"யக்கா, அதெல்லாம் ஒடனே ஆவற வேலையா?" என்றார் மேஸ்திரி. "கமிட்டி போடுவான், பேசுவான், சண்ட போடுவான். நாம எல்லாம் போய்ச் சேந்தப்பறம் வரும்."

சரி, அரசாங்கம் நமக்கு உதவப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது.

மருமகள் கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் அவளுடைய பழைய பள்ளிக்கூடப் புத்தகங்கள் இருந்தன. முதல் பக்கங்களில் தேசிய கீதம் தமிழ் எழுத்திலேயே போட்டிருந்தது. கீழே அர்த்தமும் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இத்தனை வருஷமாக அது ஏதோ சண்டைப் பாட்டு என்று நினைத்திருந்தேன். பார்த்தால் அதில் இருந்தது மலை, ஆறு, கடல், நாட்டின் பல சீமைகளின் பெயர்கள். தெற்கே இருக்கிற நம்மையும் ஒரு சொல்லில் சேர்த்திருந்தது. உப்பு இல்லை. ஆனால் கடல் இருந்தது. கடல் இருந்தால் உப்பும் அதிலேயே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அர்த்தம் புரிந்தாலும் வார்த்தை நாக்கில் நிற்கவில்லை. ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து உப்பளத்துக்குக் கொண்டுபோனேன். கூட்டாளி இரண்டாம் நாளே பிடித்துவிட்டாள்.

"என்னாக்கா, லெட்டரா? இந்த வயசுலயா? யாரு, மேஸ்திரியா?"

"சும்மா இருடி."

பிடுங்கிப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தரிடம் சொன்னது. கேலி செய்வாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அட போக்கா" என்றாள். "நான் எட்டாவது வரைக்கும் தெனம் பாடினேன். நடுவுல அந்தப் பேருங்க வரிசையா வருதே, அதுல எது முன்ன எது பின்னன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது. கும்பலோட கும்பலா பாடிட்டுப் போறதுதான். நீ மட்டும்தான் இதுக்குப் போயி பயந்துகினு கெடக்கற."

அதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொண்டோம். உப்பு வாரும் பலகையை இழுத்துக்கொண்டே சொல்லுவோம். அவள் தப்பாகச் சொல்லிவிட்டுத் தாள்தான் தப்பு என்று சண்டைக்கு வருவாள். மற்றதெல்லாம் வந்துவிட்டது. அந்தப் பெயர் வரிசை மட்டும் எனக்கும் வழுக்கிக்கொண்டே இருந்தது. டீச்சரிடம் சொல்லி விலகிவிடலாம் என்று ஒரு நாள் பள்ளிக்கூடத்து கேட் வரை போனேன். உள்ளே பிள்ளைகள் கொடிக்கம்பத்துக்கு வெள்ளை அடிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த நாளும் வந்தது. மருமகள் கஞ்சி போட்ட சேலை கட்டிவிட்டாள். உப்பளத்துப் பெண்கள் வேலையிலிருந்து நேராக வந்து, ஈரப் புடவையோடு மதில் ஓரம் நின்றார்கள். கூட்டாளி முன்னால் நின்றிருந்தாள். கயிற்றை இழுத்தேன், முடிச்சு அவிழ்ந்து பூ கொட்டியது, கொடி விரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். என் முன்னால் மைக்கை வைத்தார்கள்.

"எடுங்க ஆயா" என்றார்கள் டீச்சர்.

எடுத்தேன். குரல் வந்தது. பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நன்றாகத்தான் போனது. அந்தப் பெயர் வரிசைக்கு வந்தோம். எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிட்டது. என் குரல் நின்றதும் பிள்ளைகளும் இழுத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும், எனக்கு ஒரு பகல் போல இருந்தது.

அப்போது என் இடது கை தானாக மேலே போய்விட்டது. தலையில் இல்லாத கூடையைப் பிடித்துக்கொண்டது. கழுத்து நிமிர்ந்தது. பிடரியில் வலி பிடிக்கும் இடம் இதுதான் என்று கழுத்துக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் வருகிற சொல்லும் கூடவே வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். கடைசி வரை ஒரு சொல் சிந்தாமல் போய்ச் சேர்ந்தோம்.

முடிந்த பிறகுதான் பார்த்தேன். முன்வரிசையில் நின்ற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் என்னைப் போலவே ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். அதுதான் முறை என்று நினைத்துவிட்டார்கள். ஒரு குழந்தை தவறக் கூடாது என்று இரண்டு கையையும் வைத்திருந்தது. மதில் ஓரத்தில் உப்பளத்துப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

டீச்சர் என்னிடம் வந்தார்கள். திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"என்ன ஆயா, தலையில என்ன?"

"உப்புக் கூடை, டீச்சர்" என்றேன். அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? மதியச் சாப்பாட்டோடு போனது, வாயை மட்டும் அசைத்தது, எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டேன்.

டீச்சர் இன்னும் கையை இறக்காமல் நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "போங்க ஆயா. இனிமே இந்தப் பசங்க கைய எறக்க வெக்கறதுதான் என் வேலை" என்றார்கள். "இதையெல்லாம் அப்படியே எழுதிக் குடுங்க, மலர்ல போடலாம்."

கூடையைக் கொட்டிவிட்டு வெறுந்தலையோடு திரும்பும்போது முதல் நாலு அடி நமக்கே நடை கோணலாக இருக்கும், பாரம் போனது கழுத்துக்கு உடனே புரியாது. அன்று வீடு வரைக்கும் அப்படித்தான் நடந்தேன்.

மறுநாள் டீக்கடையில் மேஸ்திரி கேட்டார். "இப்ப சொல்லு யக்கா, பாட்ட மாத்தலாமா வேணாமா?"

"வேணாம். நான் இப்பதான் கத்துக்கினேன்" என்றேன். கடையே சிரித்தது. நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

மாற்றச் சொல்கிறவர்களிடமும் நியாயம் இருக்கலாம். அதைத் தீர்த்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. மாற்றுவதானால் ஒன்றுதான் கேட்பேன். புதுப் பாட்டை மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஒரு தடவை பாடிவிடுங்கள்.

இதில் தப்பு இருக்கும். கை உயர்ந்தது அந்தப் பெயர் வரிசையிலா, அதற்கு முன்னாலா என்று கூட்டாளி இன்னமும் சண்டை போடுகிறாள். மதில் ஓரம் நின்றவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். டிவியில் சொன்ன அந்த நாடு எது, அங்கே பாட்டை மாற்றிவிட்டார்களா இல்லையா என்பதையும் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கேயும் என்னைப் போல ஒருத்தி, கஷ்டப்பட்டு இப்போதுதான் பாதி பாட்டைக் கற்றுக்கொண்டிருப்பாள்.