ஒளியிழையைச் சோதிக்க இன்னொரு ஆள்

வாசல் கேட்டில் யாராவது பொத்தானை அழுத்தினால், ஒளியிழை வழியே என் அறையில் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. அனுப்புவது சிவப்பு ஒளி; நான் வாங்கியிருந்ததோ அகச்சிவப்பு ரிசீவர்.

இன்று ரோஸ் ஹில்லில் அதை விற்ற கடைக்காரர் மாற்றித் தந்தார்; ஊர் வழக்கப்படி 'ஐயா'வுக்கு 'மிஸ்யே' போட்டுச் சொன்னார்: "ஒருத்தர் அங்கே அழுத்தணும், இன்னொருத்தர் இங்கே பார்க்கணும், மிஸ்யே."

"அந்த இன்னொருத்தரும் உங்க கடையில கிடைப்பாரா?"

அவர் சிரித்தார். நான் தனிக்கட்டை என்பது அவருக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு அம்மாளை வாசல் கேட்டில் நிறுத்திவிட்டு அறைக்குள் போனேன். முதல் அழுத்தலிலேயே விளக்கு எரிந்தது.

"எரியுதா, மிஸ்யே?"

"இல்லை மதாம், இன்னொரு தடவை."

"உங்க விளக்குக்கு என் மேல கோபமா?"

இருட்டும்வரை சோதித்தோம். பழுதில்லாத எதையெல்லாம் நீங்கள் இப்படிச் சரிபார்க்கிறீர்கள்? நம் குழுவில் ஒளிக்காமல் எழுதுங்கள்.