ஆலாக்கள் இறங்கும் மணல்திட்டு

முகத்துவாரக்குப்பத்தில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஆற்றில் இன்றைக்கு யார், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊர்தான் முறை வைத்துக் கொடுக்கும். இன்று என் பாடு என்றால் அந்த இடத்துக்கு இன்னொருவன் படகு வராது. வந்தால் ஊர் சும்மா விடாது. இந்த உரிமை இங்கே பிறந்தவனுக்கு மட்டும்தான். மருமகனாக வந்து குடியேறியவனுக்குக்கூடக் கிடையாது.

பறவைகளையும் நான் பாடு வைத்துத்தான் பார்க்கிறேன். அலையாத்தி மரங்களின் உச்சி கொக்குக்கும் வக்காவுக்கும். நீர் வற்றினால் தெரியும் சேறு உள்ளான்களுக்கு. அதிலும் குட்டைக்கால்காரன் ஓரத்தில் மேய்வான், நெட்டைக்கால்காரன் தண்ணீருக்குள் இறங்கிவிடுவான். ஆழத்தில் நீர்க்காகம் முங்கும். அனல்மின் நிலையத்து வெந்நீர் வந்து விழும் மூலையில் மட்டும் எவருக்கும் பாடு இல்லை, கூழைக்கடாகூட அங்கே இறங்காது. மற்றபடி ஒருவர் இடத்தில் இன்னொருவர் கை வைப்பதில்லை. செம்பருந்து மட்டும் அடுத்தவர் வாயில் இருப்பதைப் பிடுங்கித் தின்னும். எங்கள் ஊரிலும் அப்படி இரண்டு பேர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

அலையாத்தியையும் சேற்றையும் ஊரே காத்து வைத்திருக்கிறது. விறகுக்கு ஒரு கிளை ஒடித்தாலும் கேள்வி வரும். மிச்சம் இருந்தது முகத்துவாரத்து மணல்திட்டு. கோடையில் சின்ன ஆலாப் பறவைகள் அங்கே இறங்கி, வெறும் மணலில் கிளிஞ்சலுக்கு நடுவே முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கட்டாது. மிதித்த பிறகுதான் அது முட்டை என்றே தெரியும். அதனால் திட்டையும் மூட வேண்டும், குஞ்சு பறக்கும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது, வைத்தவனுக்கு அடுத்த பாடு கிடையாது என்று ஊர்க் கூட்டத்தில் உரக்கப் பேசியவன் நான்தான். என் மனைவியின் தம்பி எழுந்து எதிர்த்தான்.

"வலை காயவெக்கவே எடம் இல்ல, நீ குருவிக்கு எடம் குடுக்குறியா மாமா? அது எங்கேர்ந்தோ வந்த பார்ட்டி. வெளியூருக்கு இன்னா பாடு?"

"வெளியூர்தான் மச்சான். முட்டைய எங்க வுட்டுகினு கீது? உன் வூட்டு மாடியிலயா?"

கூட்டம் சிரித்தது. கட்டுப்பாடும் முடிவானது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே கோடையில் ஆப்பு எனக்கே வந்தது. என் பாடு நாளில் காலை நீரோட்டம் வலை கட்டியிருந்த கழிகளைப் பிடுங்கி, வலையை மீனோடு சேர்த்துத் திட்டின் தாழ்ந்த ஓரத்தில் ஒதுக்கிவிட்டது. நீர் வற்றியதும் சுற்றிலும் இடுப்பளவு சேறு, படகு கிட்டே போகாது. எடுக்க வேண்டுமானால் கரையிலிருந்து திட்டின் குறுக்கே, முட்டைகளுக்கு நடுவே நடந்துதான் போக வேண்டும். என்னிடம் இருந்தது அந்த ஒரே வலை.

மச்சான் பக்கத்தில் வந்து நின்றான்.

"போய் எட்துகினு வா மாமா. யாரு பாக்கப் போறா? வுட்டா நண்டு வலைய நாஸ்தி பண்ணிடும்."

அவன் சொன்னது சரிதான். ஆனால் உச்சி வெயில் நேரம். என்னைக் கண்டு ஆலாக்கள் எழுந்துவிட்டால் கொதிக்கும் மணலில் முட்டைகள் வெந்துபோகும். பக்கத்துக் கம்பத்தில் காக்கைகள் வேறு தயாராக இருந்தன. எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, ஆலா மேல், மச்சான் மேல், கூட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத என் மேல். ஆனாலும் கால் நகரவில்லை.

"நான் போட்ட கட்டுப்பாட்ட நானே மீறுனா, அப்பால எவன் மதிப்பான்? வுடு. போனா போவுது."

சாயங்காலம் நீர் ஏறியதும் படகில் போய் இழுத்தேன். வலையில் மீனைவிட ஓட்டைதான் அதிகம். மறுநாள் காலையில் மச்சான் ஊசியும் நூலுமாக வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தான். "கலீஜ் நண்டு, கலீஜ் நண்டு" என்று திட்டிக்கொண்டே கூடச் சேர்ந்து ஓட்டைகளை முடிந்தான்.

எனக்கு அடுத்த பாடு வந்தபோது ஒட்டுப்போட்ட வலையோடு இருவரும் போனோம். வலையைக் கட்டி முடிப்பதற்குள் ஆலா ஒன்று தலைகுப்புற விழுந்து, என் கண்ணெதிரே, என் வலை வாயிலிருந்தே ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போனது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாருக்காக என் வலையைக் காவு கொடுத்தேனோ, அதுவே என் இடத்தில் கை வைக்கிறதே! "டேய்!" என்று கத்திக்கொண்டு துடுப்பை ஓங்கினேன்.

ஆலா திட்டில் இறங்கியது. மணல் நிறத்தில் ஏதோ ஒன்று தத்தித் தத்தி ஓடிவந்து வாயைப் பிளந்தது.

மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வுடு மாமா. இங்க பொறந்த புள்ள அது. அதுக்கும் பாடு கீது."