மேசைக்கு அடியில் கனகா டீச்சர்

கனகா டீச்சர் இறந்த செய்தி நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் வைத்துத்தான் வந்தது. காலண்டர் சீசன் என்பதால் எந்திரச் சத்தத்தில் போனில் யார் பேசுவதென்றே தெரியவில்லை. வாசலுக்கு வந்து, "சத்தமாச் சொல்லுங்க" என்றேன். "நம்ம ஆமத்தூர் டீச்சர் காலையில தவறிட்டாக. நெஞ்சுவலியாம்" என்றாள் முத்துலட்சுமி. டீச்சரின் கோடை முகாமில் நான் மகனைச் சேர்த்த அதே ஆண்டில் மகளைச் சேர்த்தவள் அவள். அன்று மாலை டீச்சர் வீட்டு வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் எங்களைப் போன்ற பெற்றோர்தான். பலருக்கு மற்றவர் பெயர் தெரியாது. பிள்ளைகளின் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் கண்டுகொண்டோம்.

டீச்சரை அறிந்த உங்களில் பலருக்கு இது தெரிந்ததுதான். விருதுநகரில் ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்த்த டீச்சர், மே மாதம் மட்டும் ஆமத்தூரில் தன் வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தினார். நான் அவரைத் தேடிப் போனபோது என் மகன் கதிருக்கு நான்கு வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். விடுமுறையில் அவனை விட்டுப்போக எங்களுக்கு இருந்த ஒரே இடம் தாயில்பட்டியில் என் அம்மா வீடு. முந்தைய ஆண்டு அங்கே பக்கத்துப் பட்டாசு ஆலையில் விபத்து நடந்தபோது கதிர் அந்த வீட்டில் இருந்தான். காயம் எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். தாயில்பட்டி பஸ்ஸில் ஏறவே மாட்டான்.

முதலில் நகரத்தில் ஒரு பெரிய முகாமுக்குத்தான் போனேன். நீச்சல், யோகா, கம்ப்யூட்டர் என்று நோட்டீஸ் பளபளப்பாக இருந்தது. கதிரின் பயத்தைச் சொன்னேன். "ரெண்டு நாள்ல பழகிரும் மேடம், விட்டுட்டுப் போங்க" என்றார்கள். உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன். பெற்றோருக்கு அனுமதி இல்லையாம். பையனைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அதே பயத்தைக் கனகா டீச்சரிடம் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்து கதிரைப் பார்த்து, "இந்த வீட்ல ஒனக்கு ஒளிய எந்த எடம் நல்லாருக்கு?" என்று கேட்டார். அவன் வெகுநேரம் யோசித்துச் சாப்பாட்டு மேசையைக் காட்டினான். "சரி, அது ஒன் எடம்" என்றார். பிறகு என்னிடம், "இன்னைக்கே சேத்துராதீக. நாளைக்கு நீங்களும் வந்து இங்கன உக்காந்து பாருங்க. புடிச்சாச் சேருங்க" என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் மரத்தடியில் மணலும் தண்ணீருமாக விளையாடினார்கள். யாருக்கு ஒன்றுக்கு வருகிறது என்பதைக்கூட உதவிக்கு இருந்த அம்மாள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துக் கூட்டிப் போனார். எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்த நேரத்தில் தூரத்தில் ஏதோ பட்டாசு ஆலையில் வெடி ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். சத்தம் அடங்குவதற்குள் கதிர் மேசைக்கு அடியில் இருந்தான். அந்த அம்மாள் அவன் கையைப் பிடித்து இழுக்கப் போனார். "இழுக்காதீக" என்றார் டீச்சர்.

டீச்சருக்குக் கனத்த உடம்பு. சேலையைச் செருகிக்கொண்டு, தவழ்ந்து, மேசைக்கு அடியில் நுழைந்தார். பயப்படாதே என்று அவர் சொல்லவில்லை. "எனக்கும் தூக்கிவாரிப் போட்டுருச்சு கதிரு. கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றார். சுண்டலையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னார். அதைப் பார்த்த மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக உள்ளே புகுந்துகொண்டார்கள். சுண்டல் தீர்ந்த பிறகுதான் டீச்சருக்கு வெளியே வர முடியவில்லை என்பது தெரிந்தது. பிள்ளைகள் அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து இழுத்தவன் என் மகன். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அன்றே சேர்த்துவிட்டேன்.

அவன் பயம் அந்த மாதத்திலேயே ஓடிப்போய்விடவில்லை. ஆனால் மேசைக்கு அடியில் போனவன் தானாகவே வெளியே வரத் தொடங்கினான். ஒரு நாள் முத்துலட்சுமியின் மகள் மிரண்டு நின்றபோது, "வா, இங்கன உக்காரலாம்" என்று அவளுக்கு இடம் விட்டானாம்.

முகாம் முடியும் நாளுக்கு மேடை போட்டு டான்ஸ் வைக்க வேண்டும் என்று ஒரு தகப்பனார் விடாமல் கேட்டார். "நாலு வயசுல எதுக்கு மேடை? நீங்க கீள எறங்கி அதுகளோட வெளாடுங்க" என்றார் டீச்சர். அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகில் பிள்ளைகளை ஏற்றி முற்றம் முழுக்க யானையாகத் திரிந்தார். அவர் பையன் இறங்க மறுத்துவிட்டான்.

டீச்சர் எங்களிடம் கண்டிப்பாக இருந்தது ஒரு விஷயத்தில்தான். பிள்ளை பார்க்காத நேரமாகப் பெற்றோர் நழுவக் கூடாது. "அளுதா அளட்டும். போறேன்னு சொல்லிட்டுப் போங்க. எப்ப வருவேன்னும் சொல்லுங்க. சொன்னபடி வந்துருங்க." அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். பிள்ளை அழுமே என்பதற்காக உள்ளதை மறைப்பதில்லை.

செய்தி வந்த அன்று கதிர் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருந்தேன். "கனகா டீச்சர் செத்துப் போயிட்டாகடா. நான் ஆமத்தூர் போயிட்டு இருட்டுறதுக்குள்ள வந்துருவேன்" என்றேன். பையைக்கூடக் கழற்றாமல் நின்று அழுதான். நான் தடுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும் வாரேம்மா" என்றான். இரண்டு பேருமாகப் போனோம்.