துப்பாமல் ஒரு மடக்கு

மலை மேலே தேவிகுளம் ரோட்டில் ஒரு பாரில் சப்ளையராகச் சேர்ந்த முதல் நாளே திட்டு வாங்கினேன். எனக்கு ஊர் கீழே சமவெளியில் வடகரப்பதி. எங்கள் பக்கத்து வெயிலுக்கு பீர் பாட்டில் வியர்த்து ஒழுக வேண்டும். அதே நினைப்பில் குளிரக் குளிர எடுத்துப் போய் வைத்தேன். எஸ்டேட்காரர் ஒருவர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏலே, வெளிய பனி கொட்டுது. இதைக் குடிச்சிட்டு நான் சாவவா?" என்றார். மலைக்காரர்களுக்குக் கூலிங் இல்லாத பீர், டூரிஸ்டுகளுக்குத்தான் கூலிங். அன்றைக்கே முதலாளி இன்னொன்றும் சொன்னார்: "சப்ளையர் உக்காந்தா கஸ்டமர் எந்திரிச்சுப் போயிருவான்."

ரிட்டையர் ஆகும்வரை நான் பாரில் உட்காரவே இல்லை. கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்ததுதான் மிச்சம்.

டீ மேக்கரின் பாட்டில்

யேசுதாசன் சார் பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கர். கரண்டியால் டீயை உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு ருசி சொல்வது அவர் வேலை. கூட்டாளிகளோடு வருவார். அவர்கள் பீர் குடிப்பார்கள், அவர் வெறும் சோடா.

"நாக்குதான் எனக்குச் சோறு போடுது. ரிட்டையர் ஆவுற அன்னைக்கு ஒரு பாட்டில் முழுசாக் குடிப்பேன், எடுத்து வையி" என்பார். வருஷக்கணக்காக இதே பேச்சுதான். அடுத்தவர் கிளாஸில் நுரை அடங்குவதை அவர் பார்க்கிற பார்வை எனக்கே பாவமாக இருக்கும்.

அந்த நாளும் வந்தது. ஃபேக்டரியில் போட்ட மாலையோடு வந்து உட்கார்ந்தார். கூலிங் இல்லாத பாட்டிலை உடைத்து ஊற்றினேன். கிளாஸை எடுத்து சர்ரென்று உறிஞ்சினார், கண்ணை மூடி வாயில் சுழற்றினார். சட்டென்று எழுந்துபோய் வாஷ்பேசினில் துப்பிவிட்டார். பாரே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"பழக்க தோசம்டே" என்று மறுபடி வாயில் வைத்தார். மறுபடியும் துப்பினார். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, முழுங்குங்க. இனிமே யாருக்கும் ருசி சொல்ல வேண்டாம்லா" என்றார் கூட்டாளி ஒருவர்.

"தொண்டை தொறக்க மாட்டேங்குதுடே. இத்தனை வருசம் துப்பத்தானே சம்பளம் குடுத்தானுவ." அவர் கண் கலங்கிவிட்டது. கிளாஸை நகர்த்திவிட்டு, "சப்ளையரே, ஒரு சோடா கொண்டா" என்றார்.

ஒரு மடக்கு விழுங்க வராத மனிதரா என்று எனக்குள் சிரித்துக்கொண்டுதான் சோடாவைக் கொண்டுவந்தேன்.

என் பாட்டில்

போன வருஷம் நானும் ஓய்வு பெற்று ஊர் வந்து சேர்ந்தேன். இனிமேலாவது உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கலாம் என்று, எனக்குப் பிடித்த ஸ்ட்ராங் பீர் ஒன்றைக் குளிரக் குளிர வாங்கி வந்தேன். மனைவி வாசலில் சேர் போட்டு, கடலை வறுத்து வைத்தாள். பாதி கிளாஸ் காலியான பிறகு கேட்டாள்:

"ஏனுங்க, சேரு எதுக்குப் போட்டு வெச்சிருக்கறனுங்க? நின்னுட்டே குடிக்கறீங்க?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உட்கார்ந்தேன். ஒரு மடக்கு குடிப்பதற்குள் ரோட்டில் பைக் ஒன்று நிற்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது நான் எழுந்து நின்றிருந்தேன். யேசுதாசன் சாரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அன்றைக்கு எனக்கே திரும்பி வந்தது.

வேலையில் இருக்கும் தம்பிகளே, பிடித்த எதையும் ரிட்டையர்மென்ட்டுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். அந்த நாள் வரும்போது நாக்கும் காலும் நம்முடையதாக இருப்பதில்லை.