பாதி வழியில் நிற்கும் கார்

அந்த வருடத்தில் என் கார் பாதி வழியில் நிற்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. திருச்சுழியில் கிளம்பி அருப்புக்கோட்டை வரை ஒழுங்காக வரும். அங்கே பெட்ரோல் போட்டுக்கொண்டு மதுரை ரோட்டில் ஏறினால், காரியாபட்டிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிவிடும். சுற்றிலும் கருவேல மரமும் கரிசல் காடும்தான். பேச்சுத்துணைக்கு ஒரு ஈ, காக்கா இருக்காது. காரைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அரைமணி நேரம் போனால், ஒன்றும் தெரியாத பிள்ளை போலத் தானே ஸ்டார்ட் ஆகும்.

எனக்குத் திருச்சுழியில் பலசரக்குக் கடை, கூடவே மிளகாய் வத்தல் கமிஷன். சரக்குப் பிடிக்க ஊர் ஊராகப் போக வேண்டும் என்று சாக்குச் சொல்லி அந்தப் பழைய காரை வாங்கினேன். மறுவருடமே என் மனைவி காய்ச்சலில் தவறிப்போனாள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. பொம்பளை இல்லாத வீட்டில் பெண்பிள்ளையை எப்படி வைத்துப் பார்ப்பீர்கள் என்று என் மனைவியின் அண்ணன் அவளைக் காரியாபட்டிக்குக் கூட்டிப்போனார். அவருக்கும் அவர் மனைவிக்கும் குழந்தை இல்லை. மனசு கொஞ்சம் ஆறட்டும், வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. ஒரு ஆளுக்கு உலை வைக்கத் தெரியாமல் தினமும் சோறு மிஞ்சும். தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாளும் அதையே சாப்பிடுவேன். இங்கே இருந்தபோது தூக்கத்தில் பிள்ளை என் மேல் காலைப் போடும். அந்தப் பக்கம் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு படுத்தேன். கடையில் கல்லாவில் இருக்கும்போது ஆட்கள் வந்து போவார்கள், தனிமை தெரியாது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் அழுகை வரும்.

சித்திரையில் ஒரு ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கடையைச் சாத்திவிட்டு மகளைக் கூட்டிவரப் போனேன். கார் வழியில் நின்று, நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மச்சான் என் அழுக்குக் கையைப் பார்த்தார்.

"நடுக்காட்டுல நிக்கிற வண்டியில பச்சப்பிள்ளைய எப்படி மாப்ள ஏத்தி அனுப்ப? வண்டியச் சரி பண்ணிட்டு வாங்க. தாராளமாக் கூட்டிட்டுப் போங்க."

பஸ்ஸில் கூட்டிவரலாம் என்றால் அவளுக்குப் பஸ் வாடையே ஆகாது, ஏறினதும் வாந்தி எடுப்பாள். ஆக, கார் சரியானால்தான் பிள்ளை வீட்டுக்கு வரும் என்று ஆகிவிட்டது. அன்று இருட்டிவிட்டதால், "இந்த வண்டிய நம்பிப் போகாதீக, இருந்துட்டுக் காலையில போங்க" என்றார் மச்சான். மகள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு காலைத் தூக்கி மேலே போட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான்: வண்டி நிற்கும், இருட்டிவிடும், அங்கேயே படுப்பேன்.

அருப்புக்கோட்டை மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். பாயிண்டைத் தேய்த்தார், காயிலை மாற்றினார், பெட்ரோல் பம்பைப் பிரித்து மாட்டினார். பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி கிண்ணுன்னு இருக்கு அண்ணாச்சி, சந்தேகப்படாதீக" என்பார். மறு ஞாயிறு அதே காட்டில் நிற்பேன். வெயிலுக்குப் பம்பில் பெட்ரோல் கொதிக்கிறது என்று ஒரு லாரி டிரைவர் சொன்னார். அதிலிருந்து ஒரு குடம் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் காரில் ஏறின. ஈரத்துணியைப் பம்பில் சுற்றிவிட்டுக் காத்திருந்தால் ஸ்டார்ட் ஆகும். வைத்தியம் பலிக்கிறது என்று நானும் நம்பினேன். உண்மையில் துணி இல்லாமல் காத்திருந்தாலும் ஆகியிருக்கும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு நல்ல மழை. அப்படியும் கார் நின்றது. குளிர் நடுக்குகிறது, இதில் பெட்ரோல் எங்கே கொதிக்க? அன்று அருப்புக்கோட்டையில் பெட்ரோல் போடாமல் வந்திருந்தேன். ஊரைத் தாண்டினதுமே நின்றுவிட்டதால், காலியாகிவிட்டது போல என்று நினைத்துக் குச்சி விட்டுப் பார்க்க டேங்க் மூடியைத் திருகினேன். சோடா உடைத்த மாதிரி உஸ்ஸென்று ஒரு சத்தம். காற்று உள்ளே பாய்ந்தது. குச்சி பாதிக்கு மேல் நனைந்து வந்தது. போய்ச் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிவிட்டது.

மழையில் நனைந்துகொண்டே மூடியைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே நான் வெட்டி வைத்த சைக்கிள் டியூப் ரப்பர். பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு இரண்டு நாள் மகளைக் கூட்டிவந்து திருப்பிக் கொண்டுபோய் விட்டபோது காரிலும் பெட்ரோல் வாடைக்கு வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். வாடை வரக்கூடாது என்று நான்தான் அந்த ரப்பரை வட்டமாக வெட்டி மூடிக்குள் இறுக்கித் திணித்தேன். காற்றுப் போகிற பொடி ஓட்டை அதில் அடைபட்டுவிட்டது. அருப்புக்கோட்டையில் பெட்ரோல் போட மூடியைத் திறக்கும்போது உள்ளே போன காற்றில்தான் அதற்கு மேல் கொஞ்ச தூரமாவது ஓடியிருக்கிறது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காது, எதிர்ப்பக்கமும் ஒன்று போட வேண்டும். தினம் நாலு டின் உடைக்கிற கடைக்காரன் எனக்கு இது தெரியாமலா போயிற்று! பிள்ளை நிம்மதியாக வரட்டும் என்று செய்ததுதான் பிள்ளையை வரவிடாமல் பண்ணியது. ரப்பரைப் பிடுங்கிக் கருவேலங்காட்டுக்குள் வீசினேன்.

அடுத்த ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் காரியாபட்டியில் இருந்தேன். மகள் ஓடிவந்து, "இன்னைக்கு நிக்கலையாப்பா?" என்றாள். மச்சானிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். பிள்ளையைக் கூட்டிப்போகிறேன் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"பள்ளிக்கூடத்துல சேத்தாச்சே மாப்ள. பாதியில நிப்பாட்டுனா படிப்புக் கெட்டுப்போகும்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கத்தியிருப்பேன். அதற்குள் அவர் மனைவி மகளை மடிக்கு இழுத்துத் தலை வாரத் தொடங்கினாள். எடுத்த வகிட்டையே கலைத்துக் கலைத்து எடுத்தாள். மகள் அவள் முழங்காலில் சாய்ந்துகொண்டு ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன்.

சாயந்தரம் மச்சான், "வெளிச்சம் இருக்கும்போதே கெளம்புங்க. வண்டிதான் இனிமே நிக்காதே" என்றார். மகள் கார் வரை வந்தாள்.

"இனிமே வண்டி நிக்கவே நிக்காதாப்பா?"

"நிக்காது தாயி."

"அப்ப நீங்க இங்க படுக்க மாட்டீகளா?"

நான் காரை எடுத்தேன். எங்கும் நிற்காமல் திருச்சுழி வந்து சேர்ந்தது.

மறுவாரம் முழுக்கக் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதற்கு முன்னால் பழைய சைக்கிள் டியூபைத் தேடி எடுத்து, வட்டமாக வெட்டி, டேங்க் மூடிக்குள் இறுக்கித் திணித்தேன்.