கியர் ஒயிலுக்குக் கொஞ்சம் காற்று

எங்கள் கார் பழைய ஜப்பான் கார். கிளச் இல்லாத ஒட்டோ கியர். பதுளைச் சந்தைக்கும், மனைவி படிப்பிக்கும் பாடசாலைக்கும், மாதத்தில் ஒருமுறை லுணுகலையில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்கும் போய்வர வாங்கியது. அதைப் பந்தய ஓட்டப் பாதைக்குக் கொண்டுபோகும் எண்ணம் வாங்கும்போது எனக்கு இருக்கவில்லை. அவளுக்கு இருந்திருக்கலாம்.

அப்புத்தளைக்கு அப்பால், மலை முதுகில் கிடைத்த கொஞ்சம் சமமான நிலத்தைச் சுற்றிச் சிறிய தார்ப் பாதை ஒன்று இருக்கிறது. கார்ப் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து வருடத்தில் இரண்டு மூன்று தடவை அங்கே ஓட்டம் நடத்துகிறார்கள். வீட்டுக் கார்களுக்கென்றும் ஒரு பிரிவு உண்டு. ஒவ்வொரு காராக விட்டு, ஆறு சுற்று ஓடவைத்து நேரம் குறிப்பார்கள். பரிசு என்று பெரிதாக ஒன்றுமில்லை. முடித்தவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள்.

என் மனைவி முதல்முறை ஓடியபோது அவள் பெயரை வாசிக்கவில்லை. நான்காவது சுற்றில் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் அலறியது, கார் வேகமெடுக்கவில்லை. அவளாகவே ஓரத்துக்கு எடுத்து நிறுத்திவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அடுப்பில் சட்டி கருகியது போன்ற ஒரு வாடை காரைச் சுற்றி நின்றது.

"என் கால் நல்லாத்தான் இருந்துச்சு. வண்டிதான் மூச்சு வாங்குது" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளே ஒரு நிபந்தனை வைத்தாள். இன்னொரு முறை ஓடுவது. அந்த முறையும் சிவப்பு விளக்கு எரிந்தால் இனி இந்தக் காரைப் பாதையில் இறக்குவதில்லை. இருப்பது ஒரே கார். வாகன இறக்குமதி நின்றிருந்த ஆண்டுகளில் பழைய காரின் அருமை எல்லோரையும் போல எங்களுக்கும் தெரிந்திருந்தது. நான் உடனே ஒப்புக்கொண்டேன். நிபந்தனை எனக்குச் சாதகமானது என்று நினைத்தேன்.

கராஜ் ஸ்பிரிங்வெளி வீதியில் இருக்கிறது. அதை நடத்துபவரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மட்டும் அண்ணே என்பாள். கராஜ் போடுவதற்கு முன் பத்து வருடம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பறித்து வந்த கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து விசிறிக் காற்று அனுப்பி வாட்டும் பகுதியில். அங்கிருந்து அவர் கொண்டுவந்தவை இரண்டு: இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்தும் குரல், ரோதமுனி. தொழிற்சாலைகளில் இயந்திரங்களுக்குக் காவல் நிற்கும் சாமி அது. கராஜ் மூலையில் அதற்கு ஒரு கல்லும் விளக்கும் வைத்திருக்கிறார்.

அவர் கியர் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து, ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது, பாலில்லாத தேநீர் போல, சாயத்தண்ணீர் நிறத்தில் இருந்தது.

"மோந்து பாருங்க டீச்சர்."

"மோந்துட்டேன் அண்ணே. அன்னைக்கே."

"ஒட்டோ கியர்ல எஞ்சின் சுத்துறத கியருக்குக் குடுக்கிறதே இந்த ஒயில்தான். இது கொதிச்சிச்சின்னா புடி வழுக்கும். எஞ்சின் கத்தும், வண்டி நிக்கும்."

"கம்பெனில ஆத்துறதுக்கு ஒண்ணும் வைக்கலையா?"

"வச்சிருக்கான். ரேடியேட்டருக்குள்ள அடிப்பக்கமா ஒரு சின்ன குழாய். அது வழியா ஒயில் போய்ட்டு வரும்."

"ரேடியேட்டர்ல இருக்கிறதே சுடுதண்ணி. சுடுதண்ணில வச்சி ஆத்துறாங்களா?"

"ஸ்கூலுக்கும் சந்தைக்கும் போனா அதுல ஆறும். நீங்க போற போக்குக்கு ஆறாது."

வழி இதுதான்: ரேடியேட்டருக்குள்ளிருந்து வெளியே வரும் ஒயிலை நேரே கியர்பொக்ஸுக்கு அனுப்பாமல், முன்னால் காற்றுப் படும் இடத்தில் தனியாக ஒரு கூலர் வைத்து, அதன் வழியாகச் சுற்றி அனுப்புவது. புதிய கூலர் கிடைக்கவில்லை. கார் உடைத்து விற்கும் ஒரு கடையில், ஒரு வான் வண்டியிலிருந்து கழற்றிய கூலர் கிடைத்தது. அடுக்கடுக்கான தகடுகள், நடுவில் மடிப்பு மடிப்பாக மெல்லிய அலுமினியம், பெரிய பள்ளிப் புத்தகம் ஒன்றின் அளவு. யாருடைய வானின் அழுக்கும் எங்கள் கியர்பொக்ஸுக்குள் போய்விடக்கூடாது என்று பாஸ் அதைத் திரும்பத் திரும்பக் கழுவினார். கழுவிய திரவத்தைத் துணியில் ஊற்றி வெளிச்சத்தில் பிடிப்பார். ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தாலும் மறுபடி கழுவுவார்.

ஹோஸ் விஷயத்தில் இருவருக்கும் ஒரு சின்னச் சண்டை வந்தது.

"தண்ணி ஹோஸ் போட்டுறாதீங்க அண்ணே. ஒயில் சூட்டுக்கு ஊதி வெடிச்சிரும்னு வாசிச்சேன்."

"நான் எங்க தண்ணி ஹோஸ் போடுறேன்னு சொன்னேன்?"

"உங்க கையில இருக்கே."

"இது வாளிக்குத் தண்ணி புடிக்க டீச்சர்!"

நான் சிரித்தேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அதன்பின் நான் வாசலில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். பல வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியதில் கிடைத்த ஒரே திறமை அதுதான்: இடைஞ்சல் இல்லாத தூரத்தில் நிற்பது.

ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். இன்னும் பெரிய கூலர் என்றால் இன்னும் நல்லதில்லையா? பாஸ் இல்லை என்றார். இங்கே விடியற்காலைக் குளிரில் ஒயில் ஏற்கெனவே தடித்துக் கிடக்கும். அதை மேலும் ஆற்றினால் கியர் மாறவே மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். அதற்காக நடுவில் ஒரு வால்வு வைத்தார். ஒயில் சூடாகும்வரை கூலர் பக்கம் விடாது, சூடானதும் திறந்துவிடும். கூலரை முன் பம்பரில் காற்று நுழையும் கீழ்வாய்க்குள், ரேடியேட்டருக்கும் அதற்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி விட்டு, ரப்பர் வைத்து இறுக்கினார். கடைசியாக ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒயில் சூடு காட்டும் சிறிய மீட்டர் ஒன்று. சிவப்பு விளக்கு எரிந்த பிறகு தெரிந்து பயனில்லை, எரியப் போவது தெரிய வேண்டும் என்று அவள் கேட்டு வாங்கிப் பூட்டியது அது.

ஞாயிற்றுக்கிழமை பசறை வழியாக லுணுகலைக்கு ஓட்டிப் பார்த்தோம். ஏற்றத்திலும் வளைவிலும் அவள் வேண்டுமென்றே அழுத்தினாள். மீட்டர் முள் நடுவுக்கு வந்து, அங்கேயே நின்றது. அக்கா வீட்டில் இறங்கியதும் அவள் எல்லோரையும் விட்டுவிட்டு முதலில் பொனட்டைத் திறந்தாள். "நாங்க உள்ள இருக்கோம்டி" என்றாள் அக்கா.

ஓட்ட நாள் காலையில் பாஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே வருவதாக முன்பே சொல்லியிருந்தார். கையில் ஒரு பெரிய பை. அதிலிருந்து செவ்வந்தி மாலை வந்தது. நெருக்கமாகக் கட்டிய, கை மொத்தத்துக்குத் தடித்த மாலை; இடையிடையே வேப்பிலைக் கொத்து.

"கல்யாண மாலையா அண்ணே?"

"ரோதமுனிக்குப் போட்டு எடுத்த மாலை. சும்மா வெளையாட்டா டீச்சர், ஓட்டம்ல?"

முன் பம்பரில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கம்பியால் இறுக்கிக் கட்டினார். காற்றில் பறந்துவிடக் கூடாதென்று நடுவிலும் ஒரு கட்டு. சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அவள் ஏற்றி நசுக்கினாள். நான் முன்னால் நின்று ஒரு படம் எடுத்தேன். நல்ல படம்.

ஹாலி எலை தாண்டும்வரை முள் நடுவில் இருந்தது. பண்டாரவளைக்கு ஏறும்போது நடுவைத் தாண்டியது. "ஏத்தம்தானே" என்றார் பின் இருக்கையிலிருந்து பாஸ். அப்புத்தளை ஏற்றத்தில் முள் இன்னும் மேலே போனது. அவள் வேகத்தைக் குறைத்தாள். குறைத்த பிறகும் அது இறங்கவில்லை. வெளியே மூடுபனி, கண்ணாடியில் ஈரம், ஹீட்டர் போட வேண்டிய குளிர். ஒயில் மட்டும் பதுளை வெயிலில் இருந்ததைவிடச் சூடாக இருந்தது.

ரெயில்வே ஸ்டேஷன் பக்கம் நிறுத்தினோம். ஓட்டப் பாதைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். சும்மா ஏறி வந்ததற்கே இந்தச் சூடு என்றால் ஆறு சுற்றில் என்ன ஆகும் என்று மூவருக்கும் தெரிந்திருந்தது.

பாஸ் பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டே ஒரு துணியைச் சுற்றி ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்தார். கூலருக்குள் போவதை ஒருமுறை, கூலரிலிருந்து வருவதை ஒருமுறை.

"ரெண்டும் ஒரே சூடு. ஒயில் போகுது, வருது. வால்வு தெறந்துதான் இருக்கு. ஆனா ஆறல."

"கூலர் பழுதா?" என்று கேட்டேன்.

"கூலர்ல பழுதாக என்ன இருக்கு சார்? காத்துப் பட்டா ஆறும், படாட்டி ஆறாது. அவ்வளவுதான்."

"அப்ப காத்து படல."

"அப்புத்தளைல காத்து இல்லைன்னு சொன்னா யாராச்சும் நம்புவாங்களா?" என்றார் பாஸ். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனி அப்போது காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

அவள் முன்னால் போய்க் குந்தினாள்.

"அண்ணே."

"சொல்லுங்க."

"கூலர் எங்க இருக்கு?"

"பம்பர் வாய்க்குள்ள. நான்தானே பூட்டினேன்."

"காட்டுங்க."

பாஸ் வந்து குனிந்தார். மூடுபனியில் நனைந்து ஊறிய செவ்வந்தி, வந்த வேகத்தில் உள்ளே அமுங்கி, பம்பரின் கீழ்வாயை ஓரம் முதல் ஓரம்வரை அடைத்திருந்தது. இடைவெளிகளில் வேப்பிலை ஒட்டிக்கிடந்தது. ஈரத் துணியைச் சுருட்டி அடைத்தாலும் அவ்வளவு கச்சிதமாக அடைத்திருக்க முடியாது.

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "கொழுந்த கனமா போடாதீங்க, காத்து ஏறாதுன்னு பத்து வருசம் கத்தினவன் சார் நான்! தொட்டி தொட்டியா போய்க் கத்தினவன்!"

அவள் தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். என் போனில் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தேன். மாலை தெளிவாக இருந்தது. கூலர் இருக்கும் வாய் அதில் தெரியவேயில்லை. காரைச் சுற்றி வந்து, கோணம் பார்த்து எடுத்த படம் அது. சாமி மாலையை மூன்று பேருமே காரின் ஒரு பகுதியாகப் பார்க்கவில்லை.

அடுத்த சிக்கல், அதைக் கழற்றுவது. ஓட்டம் முடியுமுன் சாமி மாலையை எடுப்பது சரியில்லை என்று பாஸ் தயங்கினார். அவள் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மீட்டரையும் காட்டவில்லை. "நீங்க சொல்லுங்க அண்ணே, நான் கேக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் ஸ்டேஷன் பக்கம் பார்த்தபடி நின்று யோசித்தார். பிறகு கட்டுக்கம்பிகளை அவிழ்த்து, மாலையை இரண்டு கையாலும் ஏந்திக் காரின் பின்பக்கம் கொண்டுபோனார்.

"முன்னால நின்னு காத்தது போதும். பின்னால இருந்து தள்ளட்டும்."

பின் பம்பரில் கட்டினார். கூலரின் மடிப்புகளில் சிக்கியிருந்த இதழ்களை அவள் தன் கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். அலுமினியம் வளைந்துவிடாமல் மெதுவாக. எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தபோதே முள் இறங்கத் தொடங்கியது.

அவளுடைய முறை பதினொரு மணிக்குப் பிறகு வந்தது. பாஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஏதோ சொன்னார். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. அவள் தலையாட்டினாள்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து பாதையின் பெரும்பகுதி தெரியும். தூரக் கோடியில் மட்டும் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் கார் மறைந்து மறுபக்கம் வரும். முதல் மூன்று சுற்றும் ஒரே மாதிரி வந்தாள். நான்காவதில் நான் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அலறல் இல்லை. ஏறியது, கியர் மாறியது, மறுபடி ஏறியது. ஐந்தாவதில் பாஸ் என் தோளைப் பிடித்தவர் விடவேயில்லை. ஆறாவது சுற்று முடிந்து கோட்டைத் தாண்டினாள். கொடி அசைந்தது. நாங்கள் இருவரும் கத்தினோம்.

கார் உள்ளே வரவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய், சவுக்கு மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

மறுபக்கம் வரவில்லை. அடுத்த காரைக் கோட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒருவர், "கடைசில நின்னுருச்சு போல" என்றார். நான் ஓடத் தயாரானேன்.

"எங்க போறீங்க?" என்றார் பாஸ்.

"வண்டி நின்னுருச்சு."

"நிக்கல சார். ஆத்துறாங்க. ஓட்டம் முடிஞ்சதும் டக்குன்னு நிறுத்தினா சூடு உள்ளயே நின்னுரும். ஒரு சுத்து மெதுவா, மாட்டு வண்டி மாதிரி வாங்கன்னு நான்தான் சொன்னேன்."

மரங்களின் மறுபக்கத்திலிருந்து கார் வந்தது. உண்மையிலேயே மாட்டு வண்டி வேகம். ஜன்னல் இறக்கியிருந்தது, ஒரு முழங்கை வெளியே. சந்தைக்குப் போய்வரும்போது அவள் அப்படித்தான் வருவாள். ஒலிபெருக்கி அவள் பெயரை வாசித்தது. உச்சரிப்புக் கொஞ்சம் பிசகியிருந்தது. அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

வந்து நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கினாள். வீட்டுக் கார்ப் பிரிவில் எட்டுப் பேரில் ஆறாவது இடம். முகம் சிவந்திருந்தது.

"கடைசிச் சுத்துல முள் எங்க நின்னுச்சு?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "பாக்கல" என்றாள். "மறந்தே போச்சுங்க. வளைவைத்தான் பாத்தேன்."

பாஸ் அதற்குள் முன் சக்கரத்தின் பக்கம் குந்தி மூக்கைச் சுருக்கிக்கொண்டிருந்தார். "டீச்சர், கியர் ஜம்முன்னு இருக்கு. ஆனா பிரேக்குல லேசா வாடை வருது. நீங்க மோந்தீங்களா?"

"மோந்தேன் அண்ணே," என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். "நாலாவது சுத்துலயே."