முகத்துக்கு முன் கண்

வயது நாற்பத்தொன்று. அதில் பதினாறு வருடம் பிறர் உடைத்த திரைகளை மாற்றுவதில் போனது. போன் ரிப்பேர்க் கடையில் நாள் முழுக்க திரைக்குக் காப்பாக டெம்பர் கிளாஸ் ஒட்டுவதால் தெருவுக்கு அவள் டெம்பர் அக்கா. மற்றபடி அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

வீடு திரும்பியதும் போன் உறைகளில் பழங்காலத்துப் பெண் தெய்வங்களை வரைவாள். இரு கையிலும் பாம்பு பிடித்தவள், சிங்கத்தின் மேல் சிறகு விரித்து நிற்பவள் என்று எல்லாம் அருங்காட்சியகத்தில் பார்த்து வந்தவை. வெளிப்புறம் வரைந்தால் பையில் உரசிச் சாயம் போய்விடும். அதனால் ஒளிபுகும் உறையின் உட்புறத்தில் வரைவாள். அங்கே வேலை தலைகீழ். பார்ப்பவருக்கு முன்னால் தெரிய வேண்டியதை முதலில் வைக்க வேண்டும். நகை, கண், புருவம் எல்லாம் முடிந்த பிறகுதான் முகத்துக்கு நிறம்.

அருங்காட்சியகக் கடையில் ஓர் அலமாரித் தட்டு காலியானது. இருபது உறை கேட்டார்கள். பிடித்துவிட்டால் தட்டு முழுக்க அவளுக்கு. ரிப்பேர்க் கடைக்கு முழுக்குப் போட்டுவிடலாம்.

கொடுப்பதற்கு முந்தின மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது நாத்தனார் சமையலறையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். எல்லாத்துக்கும் முகம் பூசிட்டேன்."

"நான் நகைதானே போட்டு வச்சிருந்தேன். கண்ணு?"

"அத நீங்க மேல வைப்பீங்கன்னு நெனச்சேன்."

அவள் ஓர் உறையைத் திருப்பினாள். செங்கல் நிறத்தில் வழவழவென்று, முட்டை மாதிரி ஒரு முகம்.

"மேல வச்சா போன் மட்டும்தான் பாக்கும்."

நாத்தனார் உறையை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "கண்ண மூடித் தியானம் பண்றாங்கன்னு சொல்லிடலாமா?" என்றாள்.

"கையில ரெண்டு பாம்ப வச்சுக்கிட்டா?"

துடைத்தால் முகத்தோடு நகையும் வந்துவிடும். வேறு வழியில்லாமல், சிம் எடுக்கும் ஊசியால் கண் இருக்க வேண்டிய இடத்தில் சாயத்தைக் கீறி எடுத்தாள். அந்தக் கீறலில் முதலில் கறுப்பு, அதன் பின்னால் வெள்ளை. ஒவ்வொன்றையும் நாத்தனார் முடி உலர்த்தும் கருவியைக் காட்டிக் காயவைத்தாள். ஊசி எல்லா இடத்திலும் சொன்னபடி கேட்கவில்லை.

மறுநாள் அருங்காட்சியகக் கடை நிர்வாகி இருபதையும் மேசையில் பரப்பினார்.

"இவ யாரையோ முறைக்கிறா. இவளுக்கு இன்னும் தூக்கம் கலையல. என்னம்மா இது?"

"வரிசை மாறிடுச்சு மேடம். முகம் போட்டப்புறம் கீறிக் கண்ணு வச்சேன்."

"மத்தவங்க இதத்தான் ஸ்டைலுன்னு சொல்லி விப்பாங்க." சிரித்துக்கொண்டே அவர் கண் கோணியவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார். நேராகப் பார்த்தவை பதினொன்று. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

தட்டில் பாதி கிடைத்தது. மறுபாதியில் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தங்கள் இருக்கின்றன. ரிப்பேர்க் கடையை அவள் விடவில்லை, அரை நாள் வேலையாக மாற்றிக்கொண்டாள். அடுத்த இருபது உறைகளை மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும்.